அண்டா பக்கம் திரும்பி நின்ற கிட்டார்

என் மனைவிக்கு மெல்லிய குரல். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது பாடினால் பக்கத்து நிரையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அதற்கு அடுத்த நிரைக்குக் கேட்காது. ஆனால் கேட்டவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கங்காணி சத்தம் போடுவார்.

எங்கள் தோட்டத்தில் ஐந்து பேர் கொண்ட பாட்டுக் குழு ஒன்று உண்டு. அவள் பாடுவாள். நான் கிட்டார். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேலை ஹாலிஎலயில், மோட்டார் வைண்டிங் கடையில். எரிந்த மோட்டாரைப் பிரிப்பேன். கருகிய செப்புக் கம்பியை வெட்டி எடுப்பேன். புதுக் கம்பி சுற்றுவேன். இருபது வருஷமாக அதுதான். கிட்டார் ஞாயிற்றுக்கிழமைக்கு.

முன்பு குழுவில் இரண்டு கிட்டார் இருந்தன. மற்றவனுடையது மெல்லிய சத்தம். என் மனைவி பாடும்போது அவன் வாசிப்பான். ஆட்டப் பாட்டு வந்தால் நான். என்னுடையது பண்டாரவளையில் பழையதாக வாங்கியது. தடித்த சத்தம். லொறி மேட்டில் ஏறுவது போல இருக்கும். அவன் துபாய்க்கு வேலைக்குப் போனான். கிட்டாரையும் கொண்டு போனான். பிறகு எல்லாப் பாட்டுக்கும் என்னுடையதே. அவள் குரல் அதற்குள் புதைந்துபோனது.

அந்த நேரத்தில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் மடுல்சீமை. அந்தப் பெண், எங்கள் மருமகள், கைப்பிள்ளையாக இருந்தபோது அழுதால் என் மனைவிதான் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் நடப்பாள். ஒரு தாலாட்டு பாடுவாள். அவளே கட்டியது. மருமகள் அதை மறக்கவில்லை.

"அத்தை, நான் மணவறைக்கு வர்றப்போ அந்தப் பாட்டத்தான் பாடணும்" என்றாள்.

"தாலாட்டு பாடினா நீ தூங்கிருவடி."

"தூங்கினா மாப்பிள்ள தூக்கிக்கிட்டுப் போகட்டும்."

என் மனைவி சரி என்றாள். அன்றிலிருந்து அடுப்படியிலும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலும் அதே பாட்டுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. தோட்டத்து மண்டபத்தில் பயிற்சி. மச்சான், அதாவது பெண்ணின் அப்பா, கேட்க வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தாலாட்டு முடிந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"மச்சான், தங்கச்சி வாய் அசையுது. சத்தம் வரல."

"வருதே."

"ஒனக்கு வரும். நீ புருஷன்."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

"பதுளையில ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ்காரன் இருக்கான். பென் டிரைவ்ல பாட்டக் கொண்டாந்து போடுவான். மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால நமக்கு அசிங்கம் வேணாம்" என்றார் மச்சான்.

"அந்தத் தாலாட்டு பென் டிரைவ்ல இருக்காது" என்றேன்.

"வேற பாட்டு இருக்கும்." அவர் தங்கையைப் பார்த்தார். கொஞ்சம் இறங்கினார். "அடுத்த ஞாயித்துக்கெழம வாறேன். கேட்டா நீங்க. கேக்கலன்னா பாக்ஸ்."

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"சத்தத்தக் கொறச்சா என்னங்க?"

"கொறச்சுப் பாத்தாச்சு. மங்கிப் போகுது. மங்கினாலும் ஒன் குரல் மேலதான் உக்காருது."

"அப்ப?"

"பாப்போம்."

நான் அவ்வளவுதான் பேசுவேன். அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிட மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானா என்றுதான் கூப்பிடுவேன். கடை திறந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இண்டக்கி வேலையா, கச்சேரியா?"

"வேலதான் நானா. இதுலயும் காயில் இருக்கு."

கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். பிக்கப் என்பார்கள். கம்பி ஆடுவதைக் கரண்டாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். உள்ளே காந்தம். காந்தத்தைச் சுற்றிக் கம்பி. துபாய் போனவனுடைய கிட்டாரில் ஒரு முறை வயர் அறுந்தபோது நான்தான் பற்றவைத்தேன். அதில் ஒற்றைக் காயில். என்னுடையதில் என்ன இருக்கிறது என்று அதுவரை திறந்து பார்த்ததில்லை. வேலை செய்கிற சாமானை நான் திறப்பதில்லை.

மத்தியானச் சோற்று நேரத்தில் திறந்தேன். இரண்டு காயில். பக்கத்தில் பக்கத்தில், பிளாஸ்டிக் பாபின்களில். ஒன்றின் கடைசி நுனியை மற்றதன் கடைசி நுனியோடு சேர்த்து, டேப் சுற்றி மறைத்திருந்தார்கள். நாங்கள் மோட்டாரில் எதிரெதிர்க் காந்த முனைகளுக்கு வைக்கும் அதே இணைப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ ஒரு நாட்டில் கிட்டார் செய்தவனும் நானும் ஒரே கணக்கில் இருந்திருக்கிறோம்.

"எங்கட ஃபேன் மாதிரிதானே ஈக்கி" என்றார் நானா. 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கி'.

"ஆமாங்க. சின்ன ஃபேன்."

"காத்து வருமா?"

"சத்தம் வரும் நானா."

"அப்ப எங்கட ஃபேனேதான்."

யோசனை லேசானது. இரண்டும் சேர்ந்து பேசுவதால்தான் தடிப்பு. ஒன்றைப் பேசாமல் வைத்தால் மெலியும். நடு இணைப்பில் ஒரு வயர் வைத்து வெளியே எடுத்தேன். பழைய ரேடியோவில் கழற்றிய சின்ன சுவிட்சைக் கிட்டாரின் உடம்பில் ஓட்டை போட்டுப் பொருத்தினேன். சுவிட்சைத் தட்டினால் நடு இணைப்பு எர்த்துக்குப் போகும். ஒரு காயில் ஊமையாகும். திரும்பத் தட்டினால் இரண்டும் பேசும். மோட்டார்க்காரனுக்கு இது பெரிய வேலை இல்லை.

கடையில் இருந்த ஒலிபெருக்கியில் போட்டேன். தட்டினேன். சத்தம் மெலிந்தது. முழுவதும் இல்லை. ஆனால் மெலிந்தது. நானா கூடக் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்சம் கூட்டினேன். கீச்சென்று ஒரு ஊளை. நானா கண்ணைத் திறந்தார்.

பிரித்துக் கட்டியதில் சுற்று தளர்ந்திருந்தது. தளர்ந்த கம்பி சத்தத்துக்கு நடுங்கும். நடுங்கினால் ஊளை. மோட்டாரிலும் தளர்ந்த சுற்று நடுங்கும். அதற்கு நாங்கள் செய்வது ஒன்றுதான். வார்னிஷில் முக்கி, பல்ப் பெட்டிக்குள் வைப்போம். பல்ப் பெட்டி என்பது தகரம் அடித்த மரப்பெட்டி. உள்ளே நூறு வாட் பல்ப் இரண்டு. அந்தச் சூட்டில் வார்னிஷ் காய்ந்து, கம்பி கல் போலாகும். இப்போது கடையில் கிடைக்காத அந்தப் பல்புகளை நானா ஒரு பெட்டி பதுக்கி வைத்திருக்கிறார்.

இருபது வருஷப் பழக்கம். கை தானாகப் போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிக்கப்பை வார்னிஷில் முக்கினேன். சொட்ட விட்டேன். பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலையில் திறந்தால், அப்பளம்.

மோட்டாரில் இரும்பு. இதில் பிளாஸ்டிக். அந்த ஒன்றை நான் நினைக்கவில்லை. பல்புக்குப் பக்கத்தில் இருந்த பாபின் வளைந்து, கம்பியை அறுத்திருந்தது. மீட்டர் வைத்தேன். ஒன்றும் காட்டவில்லை. தள்ளி இருந்த காயில் பிழைத்திருந்தது. தாலாட்டுக்கு நான் பேச வைக்க நினைத்தது வளைந்ததைத்தான். மற்றது அவ்வளவு மெலியாது.

நானா வந்து எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பல்ப் நல்லா ஈக்கி" என்றார்.

வீட்டில் சொல்ல வேண்டி வந்தது. அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கித்தாரு எப்புடிங்க?"

"ஒரு காயில் போச்சு."

"எரிஞ்சிருச்சா?"

"எரியல. வளஞ்சிருச்சு."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "பாக்ஸ்காரன் நல்லாத்தான் போடுவான்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அன்று பீலியடிக்குப் போனபோது அவள் பாடவில்லை. எனக்கு ரொட்டி இறங்கவில்லை. ஆனாலும் மூன்று சாப்பிட்டேன்.

புதிதாக ஒரு காயில் சுற்ற வேண்டும். சுற்றுவது என் தொழில். கம்பிதான் இல்லை. கடையில் இருப்பதில் ஆக மெல்லியதும் இதற்குக் கயிறு. பிக்கப் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. பண்டாரவளையில் விசாரித்தேன். இல்லை. பதுளையிலும் இல்லை. கொழும்பில் கிடைக்கலாம் என்றார்கள். ஞாயிறுக்குள் வராது.

வியாழக்கிழமை நானா கழிவுச் சாமான் மூலையைக் காட்டினார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இருந்து கழித்து வந்த பழைய சுவிட்ச் பலகை ஒன்று அங்கே கிடந்தது. அதில் ஒரு ரிலே. ரிலே என்றால் கரண்ட் வந்ததும் டக்கென்று இழுத்துப் பிடிக்கும் சின்னக் காந்தப் பெட்டி. உடைத்தேன். உள்ளே கம்பி, முடி போல, பளபளவென்று.

"எவ்வளவு நானா?"

"கல்யாணத்துக்கு என்னய கூப்பிடு. போதும்."

பாபினுக்கு மோட்டாரில் கம்பி உட்காரும் காடிக்குள் வைக்கும் தடித்த காகிதத்தை வெட்டினேன். பழைய காயிலின் இரும்பு ஆணிகளை எடுத்து அதில் குத்தினேன். பிளாஸ்டிக் இல்லை. இனி வளையாது. சுற்றும் மெஷினில் மாட்டினேன். ரிலேயை ஓர் ஆணியில் சுழல விட்டு, அதில் இருந்து இதற்குச் சுற்றத் தொடங்கினேன். நூறு சுற்று. அறுந்தது. ஒட்டினேன். இன்னும் கொஞ்சம். அறுந்தது. என் விரல் தடித்த கம்பியை இழுத்து இறுக்கிப் பழகியது. இதை எப்படிப் பிடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மறுநாள் மலையில் அரை நாள் வேலைக்குப் பெயர் போட்டுவிட்டு அவள் வந்தாள். நான் வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் உட்கார்ந்து நாலாவது முறை அறுத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே நின்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சுத்துங்க. நான் புடிக்கிறேன்."

கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டாள். பிடித்த மாதிரியும் இல்லை, விட்ட மாதிரியும் இல்லை.

"இழுக்காதீங்க. அது வர்றபடி வரட்டும்."

கைப்பிடியைச் சுற்றினேன். ஆயிரம் போனது. அறவில்லை. இரண்டாயிரம். அண்டை வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, புருஷனும் பொண்டாட்டியும் பட்டம் விடுறீங்களா?"

"நூல் இருக்குக்கா. பட்டந்தான் இன்னும் செய்யல."

என் மனைவி சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். மூவாயிரத்தில் மெதுவாகப் பாடத் தொடங்கினாள். நான் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. மெஷின் தானாக எண்ணும். நாலாயிரத்துச் சொச்சத்தில் ரிலே காலியானது. பாபின் முக்கால்தான் நிறைந்திருந்தது.

"போதுமாங்க?"

"கம்பி முடிஞ்சிருச்சு."

"அப்ப போதும்."

வார்னிஷை நான் தொடவில்லை. கரண்ட் போகும்போது கொளுத்தும் மெழுகுவர்த்தி இரண்டை ஒரு டின்னில் உருக்கினோம். உருகியதும் அவளே அடுப்பை அணைத்தாள். "இப்ப முக்குங்க" என்றாள். முக்கினேன். ஆறியதும் எடுத்துப் பார்த்தேன். வளையவில்லை. மீட்டர் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். அதே வாசல். அதே வெற்றிலை. முதலில் ஆட்டப் பாட்டு. இரண்டு காயிலும் பேசின. லொறி பழையபடி மேட்டில் ஏறியது. பிறகு சுவிட்சைத் தட்டினேன். புதுக் காயில் மட்டும்.

நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தது. சுற்று குறைந்ததால் வந்த மெலிவு. கம்பி போதாமல் போனதால் கிடைத்தது. பீலியில் தண்ணீர் சொட்டுவது போல, தெளிவாக, ஒவ்வொன்றாக விழுந்தது. அவள் பாடினாள். குரல் மேலே நின்றது. கிட்டார் கீழே நின்றது. முட்டவில்லை.

மச்சான் துப்ப வெளியே போகவில்லை. விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

"என்ன மச்சான் செஞ்ச?"

"காயில் சுத்துனோம்."

"பாக்ஸ்காரனுக்கு நான் போன் பண்ணல" என்றார். "பண்ணணும்னுதான் இருந்தேன்."

அது முடிந்தது என்று நினைத்தேன். கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போனால், சுவர் முழுக்க வண்ண விளக்கு. மணவறையைச் சுற்றி விளக்கு. வீடியோக்காரன் வேறு இரண்டு பெரிய விளக்கைத் தூக்கி வைத்திருந்தான். பயிற்சி நடந்தது பகல் வெளிச்சத்தில். ஒரு விளக்கும் எரியவில்லை.

மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்துவிட்டான். மடுல்சீமைக்காரர்கள் முன்வரிசையில். மருமகள் வாசலில் வந்து நின்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவிட்சைத் தட்டினேன்.

ங்ங்ங்ங் என்று ஓர் இரைச்சல். மண்டபம் முழுக்க. முன்வரிசையில் ஒருவர் கூரையைப் பார்த்தார். வண்டு என்று நினைத்திருப்பார்.

இரண்டு காயில் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. விளக்கின் இரைச்சல் இரண்டிலும் ஏறும். ஆனால் எதிரெதிராக ஏறி, ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒன்று மட்டும் இருந்தால் தின்ன ஆள் இல்லை. தடித்த சத்தத்துக்கு மாற்றினால் இரைச்சல் போகும். அவள் குரலும் போகும். மருமகள் வாசலில் நிற்கிறாள். மச்சான் என்னைப் பார்க்கிறார். பதுளை பாக்ஸ்காரன் அவர் கண்ணில் தெரிந்தான்.

சும்மா நிற்க முடியாமல் கொஞ்சம் திரும்பினேன். இரைச்சல் குறைந்தது. இன்னும் திரும்பினேன். இன்னும் குறைந்தது. மணவறைக்கு முதுகைக் காட்டி, பின்வாசலைப் பார்த்து நின்றபோது சுத்தமாக நின்றுவிட்டது. காயில் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இரைச்சல் போல. பின்வாசலுக்கு வெளியே சமையல். எனக்கு நேராக மூன்று அண்டா.

அப்படியே நின்று வாசித்தேன். அசையவில்லை. அவள் பாடினாள்.

மருமகள் நடந்து வந்ததை நான் பார்க்கவில்லை. அவள் அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். மச்சானும். எனக்குத் தெரிந்தது பருப்பு அண்டா. சமையல்காரர் கரண்டியைத் தூக்கி, என்ன வேண்டும் என்று சாடை கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். எனக்குப் பின்னால் மண்டபம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியில் அவள் குரல் மட்டும், கடைசி வரிசை வரை போனது. கடைசி வரிசையில் நானா உட்கார்ந்திருந்தார். சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்தாராம். விளக்கு வெளிச்சம் கூசியது என்றார் பிறகு.

பாட்டு முடிந்தது. கையில் வாழை இலையோடு மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். சோறு, பருப்பு, இரண்டு கறி, அப்பளம்.

"மொதல்ல சாப்புடுங்க தம்பி. பசியோட வாசிக்க வேணாம். அண்டாவயே பாத்துக்கிட்டு நின்னீங்களே, எங்களுக்கு மனசு கேக்கல."

சம்பந்தி வீட்டில் மறுத்துப் பேசக் கூடாது. தாலி கட்டும் முன்பே சாப்பிட்டேன். அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தி நான் ஒருவன்தான்.

"அப்பளம் நல்லா ஈக்கா?" என்றார் நானா.

பிறகு சுவிட்சைத் திருப்பித் தட்டினேன். லொறி கிளம்பியது. மடுல்சீமைக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். பெரியப்பாவும் ஆடினார்.

வீடியோ போனில் வந்தது. என் மனைவி அதை எத்தனை தரம் பார்த்திருப்பாள் என்று தெரியாது. எல்லோரும் மருமகளைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு முதுகு மட்டும் வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. குரல் நன்றாகக் கேட்கிறது.

சில நாள் கழித்து இன்னொரு சுவிட்ச் வைத்தேன். இரண்டு காயிலையும் தொடராக இல்லாமல் பக்கம் பக்கமாக, பேரலலாக, இணைத்தேன். இரைச்சல் ஏறக்குறைய போய்விட்டது. சத்தமும் ஓரளவு மெல்லியது. அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். ஒரு வரி பாடினாள். நிறுத்தினாள்.

"இது இல்லைங்க."

"இதுல இரையாது."

"இரையட்டும். நாம சுத்துனத வைங்க."

சுவிட்சை எடுக்கவில்லை. அது மற்றப் பாட்டுகளுக்கு உதவுகிறது. அவள் பாடினால் மட்டும் பழைய ஒற்றைக் காயில்தான். எந்த மேடைக்குப் போனாலும் முதலில் கிட்டாரை மாட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவேன். எந்தப் பக்கம் இரைச்சல் நிற்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து நிற்பேன். போன மாதம் ஒரு கோயிலில் செருப்பு விடும் இடத்தைப் பார்த்து நின்றேன். அடுத்த கல்யாணம் பண்டாரவளையில். அங்கேயும் சமையல் பக்கம் அமைந்தால் நல்லது.